முந்தி வரும் அலை... முறிக்க வரும் அலை!

2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் ஊரை ஒட்டி, தரைக்குக் கீழே சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடைந்து நழுவியது. குடியரசு நாள் என்பதால் அஞ்சார் நகரத்தின் குறுகலான சந்துகள் வழியே பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். இரு பக்கத்துக் கட்டடங்களும் அவர்கள் மேல் சரிந்தன. அந்த ஊர்வலத்தில் மட்டும் 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் மாண்டார்கள். மாநிலம் முழுக்க இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 13,800 பேருக்கு மேல்.

அஞ்சார், நடுக்கத்தின் மையத்துக்குப் பக்கத்து ஊர். அகமதாபாத் அப்படி இல்லை. கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னையிலிருந்து விழுப்புரத்தையும் தாண்டிப் போகிற தூரம். அங்கேயும் எழுபதுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிகள் விழுந்தன. 750 பேர் அளவில் இறந்தார்கள். ஒரே தெருவில் ஒரு குடியிருப்பு குவியலாகக் கிடக்க, பக்கத்துக் குடியிருப்பு கீறலோடு நின்றது.

அவ்வளவு தூரம் வந்து கட்டடத்தைச் சாய்த்தது எது? பக்கத்துக் கட்டடத்தை அது ஏன் விட்டது? முதல் கேள்விக்குப் பதில், அலை. இரண்டாவது கேள்விக்குப் பதில் மண்ணிலும், தூணுக்குள் இருக்கும் கம்பியிலும் இருக்கிறது. நிலநடுக்கத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டு பதில்களுக்குள் அடங்கும்.

பாறை ஏன் உடைகிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகளாகப் பிரிந்து, மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியாவைச் சுமக்கும் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கிப் போகிறது. அதில் 2 சென்டிமீட்டர் அளவுக்கான நெருக்குதலை இமயமலை தாங்குகிறது. பாறைகள் சொரசொரப்பானவை, ஒன்றை ஒன்று உரசிச் சுலபமாக வழுக்கிப் போகாது. பிடித்துக்கொள்ளும். தட்டு நகர நகர, பிடித்துக்கொண்ட இடம் வளைந்துகொண்டே இருக்கும். மூங்கில் சிம்பை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படீரென்று முறிந்து, முனைகள் விருட்டென்று நிமிருமே, அதுதான் நடக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த இறுக்கம் சில நொடிகளில் விடுபடுகிறது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ அதிர்ந்த பிறகு, நேராக ஓடிய வேலிகள் பிளவின் இரு பக்கமும் பல அடிகள் விலகி நிற்பதை அளந்து பார்த்து, இந்த விளக்கத்தைச் சொன்னவர் அமெரிக்க அறிவியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட்.

உடைப்பு தொடங்கும் இடம் குவியம். அதற்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளியைத்தான் செய்திகளில் ‘மையம்’ என்கிறார்கள். குவியம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 10 கிலோமீட்டர் ஆழத்தில் உடைவதும் 200 கிலோமீட்டர் ஆழத்தில் உடைவதும் மேலே இருப்பவனுக்கு ஒன்றல்ல.

கட்ச் தட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும் இடமும் அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய பெருங்கண்டம் பிரிந்தபோது உண்டான பிளவுகள் அங்கே புதைந்து கிடக்கின்றன. வடக்கிலிருந்து வரும் நெருக்குதலில் அவை மறுபடி அசைகின்றன. 1819-லும் அங்கே ஒரு பெரும் நடுக்கம் வந்தது. ரண் உப்பளத்தின் நடுவே பல மைல் நீளத்துக்கு நிலம் மேடாக எழும்பி, ஆற்றின் ஓட்டத்தையே மறித்தது. மனிதன் கட்டாத அந்தக் கரைக்கு மக்கள் ‘அல்லா பந்த்’, அதாவது இறைவன் கட்டிய அணை என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் ஓர் உதறல், பிறகு ஆட்டம்

பாறை உடைந்த கணத்தில் அங்கிருந்து இரண்டு விதமான அலைகள் பூமியின் உடம்புக்குள் கிளம்புகின்றன. முதன்மை அலை, அதாவது பி அலை, போகும் திசையிலேயே பாறையை நெருக்கியும் தளர்த்தியும் முன்னேறும். காற்றில் ஒலி போவதும் இப்படித்தான். மேலோட்டுப் பாறையில் இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அடுத்தது எஸ் அலை. தான் போகும் திசைக்குக் குறுக்காகப் பாறையை ஆட்டிக்கொண்டே வரும். வேகம் நொடிக்கு 3.5 கிலோமீட்டர் அளவு. வேகம் குறைவு, ஆனால் கட்டடத்தை உலுக்கும் வலு இதற்குத்தான் அதிகம்.

நிலநடுக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டால் பலரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். முதலில் கனமான லாரி வாசலில் போனது போல் ஓர் உதறல், ஜன்னல் கண்ணாடியில் கடகடப்பு. என்ன ஏதென்று யோசிப்பதற்குள் தரை பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். முதலில் வந்தது பி. பின்னால் வந்தது எஸ். அதற்கும் பின்னால் மேற்பரப்பை ஒட்டியே பரவும் அலைகள் வரும். இவற்றில் ஒரு வகை தரையைப் பக்கவாட்டில் அறுக்கும். இன்னொரு வகை கடலலை போல் உருட்டிக்கொண்டு போகும். இரண்டுக்கும் லவ், ராலே என்று இரண்டு ஆங்கிலேயக் கணித மேதைகளின் பெயர். ராலே 1885-லேயே, கணக்குப் போட்டே, இப்படி ஓர் அலை இருந்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார்.

இனி அகமதாபாத் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 240 கிலோமீட்டரை பி அலை சுமார் 40 நொடியில் கடக்கும். எஸ் அலைக்கு 69 நொடி ஆகும். இடையில் ஏறத்தாழ அரை நிமிடம். இந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் உலகத்தின் நிலநடுக்க ஆய்வுக்கூடங்கள் பலவும் இன்று யோசித்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு வருவோம்.

அசாம் மண் உலகுக்குச் சொன்ன பாடம்

இந்த அலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய பெருமை, இந்தியாவில் வேலை பார்த்த ஒரு புவியியலாளருக்கு உரியது என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் அழுத்திச் சொல்லப்பட வேண்டிய செய்தி. 1897 ஜூன் 12 மாலை 5.15 மணி வாக்கில், அன்றைய அசாமைச் சேர்ந்த ஷில்லாங் பீடபூமி அதிர்ந்தது. 8-க்கு மேற்பட்ட அளவு. ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. மாலை நேரத்தில் பலரும் வெளியே இருந்ததால் உயிரிழப்பு 1,500 அளவில் நின்றது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் இதை ஆராயும் பொறுப்பை ஏற்றார். அவருடைய தந்தை தாமஸ் ஓல்டாம் அந்தத் துறையைத் தொடங்கி நடத்தியவர். 1869-இல் கச்சார் பகுதியில் வந்த நடுக்கத்தை ஆராய்ந்தவர். மகன் அசாமில் விழுந்த கட்டடங்களையும் வெடித்த நிலத்தையும் பார்த்து எழுதியதோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இத்தாலியில் இருந்த கருவிகள் இதே நடுக்கத்தைப் பதிவு செய்திருந்தன. அந்தப் பதிவுத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார். கோடு ஒரே மூச்சில் அதிரவில்லை. சின்னதாக ஒரு துடிப்பு, சில நிமிடங்கள் கழித்து அதைவிடப் பெரிதாக ஒன்று, அதற்கும் பின்னால் நீண்டு உருளும் மூன்றாவது. ஒரே நிகழ்ச்சி, மூன்று வருகை. பி, எஸ், மேற்பரப்பு அலை என்று இன்று நாம் சொல்லும் மூன்றும் அந்தத் தாளில் வரிசையாக நின்றன.

ஓல்டாம் 1906-இல் இன்னும் ஒரு படி போனார். பூமியின் நடுப்பகுதி வழியாக வந்து சேர வேண்டிய அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதைக் கவனித்து, உள்ளே வேறு பொருளால் ஆன ஒரு கரு இருக்க வேண்டும் என்றார். அந்தக் கரு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று பிறகு குட்டன்பெர்க் என்ற அறிவியலாளர் கணக்கிட்டார். திரவத்தின் வழியே எஸ் அலை போகாது. பூமியின் மறுபக்கத்துக்கு நேரடியாக எஸ் அலை வந்து சேர்வதில்லை. ஆகவே வெளிக்கரு உருகிய நிலையில் இருக்கிறது. 1936-இல் டென்மார்க்கின் அறிவியலாளர் இங்கெ லேமன், அந்த உருகிய கருவுக்குள் இன்னொரு உட்கரு இருப்பதை பி அலைகளின் வழியைக் கொண்டே கண்டுபிடித்தார். மனிதன் இதுவரை துளையிட்ட அதிகபட்ச ஆழம் 12 கிலோமீட்டர் சொச்சம். அதற்குக் கீழே இருக்கும் 6,300 கிலோமீட்டரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பாலானவை இந்த அலைகள் கொண்டுவந்த தகவல்தான்.

அசாம் நடுக்கத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் கருவிகளும் வந்தன. கல்கத்தாவின் அலிப்பூரிலும், பம்பாயின் கொலாபாவிலும், நம் கொடைக்கானலிலும் 1898, 1899-இல் நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் வைக்கப்பட்டன. ஷில்லாங்கில் கட்டும் முறையே மாறிப்போனது. கல் சுவரைக் கைவிட்டு, மரச்சட்டம், நாணல் தட்டி, அதன் மேல் பூச்சு, தகரக் கூரை என்று எடை குறைந்த வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். ‘அசாம் வீடு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது?

பி அலைக்கும் எஸ் அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்று பார்த்து, அதை எட்டால் பெருக்கினால் மையம் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தோராயமாகக் கிடைக்கும். மூன்று நிலையங்களின் தூரங்களை வைத்து வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால், அவை சந்திக்கும் இடம்தான் மையம். கணினி இன்று நொடிகளில் செய்வதன் அடிப்படை இதுதான்.

அளவு பற்றிய குழப்பம் இன்னும் தீரவில்லை. 1935-இல் சார்லஸ் ரிக்டர் கொடுத்த அளவுகோலின் இடத்தில், பெரிய நடுக்கங்களுக்கு 1979 முதல் ‘திருப்புத்திறன் அளவு’ என்ற வேறு கணக்கு வந்துவிட்டது. நாம் பழக்கத்தில் ரிக்டர் என்றே எழுதுகிறோம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்த அளவில் ஒன்று கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு. வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. இரண்டு கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு.

இப்போது இரண்டு நடுக்கங்களைப் பக்கத்தில் வையுங்கள். 2001-இல் கட்ச், 7.7 அளவு. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம் கில்லாரி, 6.2 அளவு. ஆற்றலில் கட்ச் சுமார் 180 மடங்கு பெரியது. கில்லாரியில் இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். 180-இல் ஒரு பங்கு ஆற்றல், ஆனால் சாவு ஏறத்தாழ முக்கால் பங்கு. காரணம், சேற்றைச் சாந்தாக வைத்து எழுப்பிய கனத்த கற்சுவர்களும், மரச்சட்டத்தின் மேல் மண் கொட்டிய பாரமான கூரைகளும். விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கியவர்கள் மேல் அவை இறங்கின. அதே கட்ச் பகுதியில், ‘பூங்கா’ என்று அவர்கள் அழைக்கும் வட்டமான மண் குடிசைகள் பல 2001-இல் நின்றுவிட்டன. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது, கூரையும் கனமில்லை. எண்ணிப் பார்த்தால், ரிக்டர் எண் ஒரு தலைப்புச் செய்திக்கு மேல் எதையும் சொல்வதில்லை.

மண்ணும் சேர்ந்து ஆடும்

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் 8.0 அளவில் நடுக்கம். கரையோரத்தைவிட, 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தலைநகரத்தில்தான் அதிகம் பேர் செத்தார்கள். மெக்சிகோ நகரத்தின் பெரும்பகுதி வற்றிய ஏரியின் களிமண் மேல் நிற்கிறது. அந்தக் களிமண், வந்த அலைகளில் இரண்டு நொடிக்கு ஒரு முறை ஆடும் அலையைப் பிடித்துக்கொண்டு பல மடங்காகப் பெருக்கியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. மாடி கூடக் கூட ஆட்டம் மெதுவாகும். மெக்சிகோவில் குட்டைக் கட்டடங்களும் மிக உயரமான கோபுரங்களும் பெரும்பாலும் தப்பின. மண்ணின் ஆட்டத்தோடு தாளம் ஒத்துப்போன, 6 முதல் 15 மாடி வரையிலானவைதான் அதிகம் விழுந்தன.

அகமதாபாத்திலும் சபர்மதி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் தன் பங்கைச் செய்தது. சதுப்பையும் ஏரியையும் தூர்த்து வீடு கட்டும் ஊர் எதுவானாலும் இதைப் படித்தே ஆக வேண்டும்.

முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

முடியாது. நாள், நேரம், இடம், அளவு இத்தனையும் சேர்த்துச் சொல்லும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. 1975 பிப்ரவரியில் சீனாவின் ஹைசெங்கில் சின்னச் சின்ன முன்னதிர்வுகள் வந்ததைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள். பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. விடை கிடைத்துவிட்டது என்று உலகமே நம்பியது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று டாங்ஷான் நகரம் எந்த முன்னதிர்வும் காட்டாமல் இடிந்தது. அரசுக் கணக்கிலேயே 2 லட்சத்து 42 ஆயிரம் பேர் இறந்தார்கள். ‘இன்று இரவு மறுபடி வரும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை, அனுப்பியவர் எவ்வளவு பெரியவரானாலும், நம்பாதீர்கள். பெரிய நடுக்கத்துக்குப் பிறகு சிறு அதிர்வுகள் தொடரும் என்பது மட்டும் உண்மை. விரிசல் விட்ட வீட்டுக்குள் அதனால்தான் திரும்பிப் போகக் கூடாது.

கணிக்க முடியாது, ஆனால் முந்திக்கொள்ள முடியும். பி அலையைக் கருவி பிடித்த நொடியில் செய்தியை அனுப்பினால், எஸ் அலை வருவதற்குள் அது தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மின்காந்த அலையின் வேகத்துக்கு முன்னால் பாறை அலை நத்தைதான். மெக்சிகோ 1991-லேயே இதைச் செய்யத் தொடங்கியது. ஜப்பான் 2007 அக்டோபர் முதல் பொதுமக்களுக்கே எச்சரிக்கை தருகிறது. 2011 மார்ச் 11 பெருநடுக்கத்தின்போது, கருவி முதல் அலையை உணர்ந்த ஒன்பது நொடிக்குள் எச்சரிக்கை வெளியானது. டோக்கியோவுக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஓடிக்கொண்டிருந்த புல்லட் ரயில்கள் தாமாகவே பிரேக் போட்டன. அவற்றில் ஒரு பயணிகூட இறக்கவில்லை. இந்தியாவில் ரூர்க்கி ஐ.ஐ.டி. உத்தராகண்டில் இத்தகைய கருவிகளை நிறுவி, 2021-இல் கைப்பேசிச் செயலியாகவும் கொடுத்திருக்கிறது. குவியத்துக்கு நேர் மேலே இருப்பவனுக்கு இந்த அவகாசம் கிடைக்காது. அவனைக் காப்பாற்ற அவன் வீடுதான் உண்டு.

2004 டிசம்பர் 26-ஐ நினைக்கும்போது இந்த நொடிக் கணக்கு நெஞ்சை அறுக்கிறது. நம் நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ரா அருகே கடலடி உடைந்தது. பி அலை நான்கு நிமிடம் சொச்சத்தில் சென்னைக்கு வந்துவிட்டது. படுக்கை ஆடியதை உணர்ந்து எழுந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். சுனாமி வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. அது பாறை அலை அல்ல, கடல்நீரின் அலை; அதனால்தான் அவ்வளவு தாமதம். நடுக்கம் பற்றிய செய்தி அதற்குள் வந்து சேர்ந்தது. கரையில் இருந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்ல ஏற்பாடு இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8 ஆயிரம் பேரை இழந்தோம். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

நம் ஊர் பத்திரமா?

‘தக்காணம் கெட்டியான பாறை, இங்கே வராது’ என்று சொல்பவர்கள் கில்லாரியை நினைக்க வேண்டும். அன்றைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் கில்லாரி, அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் சுமார் 6 அளவில் நடுங்கியிருக்கிறது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்தபோது சென்னை மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இமயமலை அளவுக்கு நமக்கு ஆபத்து இல்லை. ஆனால் கில்லாரி அளவு ஒன்று வந்தால் தாங்குமா என்பதுதான் கேள்வி.

அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சாயல் கொண்டவை. தரைத்தளத்தில் கார் நிறுத்த இடம் விட்டு வெறும் தூண்கள். முதல் மாடியிலிருந்து செங்கல் சுவரெழுப்பிய வீடுகள். மேலே சுவர்கள் சேர்ந்து பெட்டி போல் விறைப்பாக நிற்கும். தரை ஆடும்போது வளைந்து கொடுக்க வேண்டிய வேலை முழுவதும் கீழ்த்தளத்தின் தூண்கள் தலையில் விழும். அவை ஒடிந்தால் மேலே உள்ளது அப்படியே உட்கார்ந்துவிடும். சென்னையில், மதுரையில், கோவையில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழும்பிய அடுக்குமாடிகளில் எத்தனை இதே சாயல் என்று தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும். இப்படிக் கட்டவே கூடாது என்றில்லை. அந்தத் தூண்களை, கணக்கிட்ட நிலநடுக்க விசையைப் போல் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்று 2002 இந்தியத் தரவிதியே சொன்னது.

தூணுக்குள் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நேர்க்கம்பிகளைச் சுற்றி ‘ரிங்’ கட்டுவார்கள். அதன் இரண்டு முனையையும் வெறும் 90 டிகிரிக்கு மடக்கி விட்டுவிடுவது கம்பி கட்டுபவருக்குச் சுலபம். நடுக்கத்தில் தூணின் வெளிப்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த முனை வாயைத் திறந்துகொள்ளும், நேர்க்கம்பி வெளியே பிதுங்கும், தூண் நொறுங்கும். அதே முனையை 135 டிகிரிக்கு, தூணின் உள்பக்கம் நோக்கி மடக்கி, 65 மில்லிமீட்டராவது நீட்டிவிட்டால் ரிங் திறக்காது. தூணின் அடியிலும் தலையிலும் ரிங்குகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. ஐ.எஸ். 13920 என்ற தரவிதி இதைத்தான் சொல்கிறது. மூன்றாம் மண்டலத்தில், அதாவது சென்னையில், இது கட்டாயம். இதற்கு ஆகும் கூடுதல் செலவு, தரைக்கு மார்பிள் போடும் செலவின் முன்னால் ஒன்றுமில்லை என்றே சொல்வேன். கேட்பார் இல்லாததால்தான் விட்டுப்போகிறது.

ஆகவே, வீடு வாங்கப் போகிறவர்களே, கட்டப் போகிறவர்களே, கேளுங்கள். கட்டமைப்பு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘13920 படி கம்பி கட்டியிருக்கிறீர்களா, மண் பரிசோதனை அறிக்கை எங்கே’ என்று பில்டரிடம் நேராகக் கேளுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் போய் ரிங்கின் முனையைக் கண்ணால் பாருங்கள். போட்ட பிறகு பார்க்க முடியாது. ஏற்கெனவே தூண் மேல் நிற்கும் குடியிருப்பில் இருப்பவர்கள், சங்கக் கூட்டத்தில் இதை எடுத்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். இருக்கும் தூண்களை வலுப்படுத்தவும் வழிகள் உண்டு. நடுக்கம் வந்துவிட்டால் லிப்ட்டுக்கோ படிக்கட்டுக்கோ ஓடாமல் உறுதியான மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் இதை இந்த வாரமே சொல்லிக் கொடுங்கள்.